அண்ணன் பி.காம் படிக்கவில்லை

அண்ணன் பி.காம் படிக்கவில்லை. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போன வருடம் உங்கள் வீடுகளுக்கு வந்த கருமாதிப் பத்திரிகையில் அண்ணனின் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று அச்சாகியிருந்தது. தெருமுனையில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரிலும் அப்படியே இருந்தது. அச்சகத்துக்காரர் மேல் தப்பில்லை. பெரியப்பா என்னுடைய பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்து, இதில் இருப்பதைப் பார்த்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கல்யாணப் பத்திரிகையில் அதைப் போட்டது யார் என்று கேட்டால், நான்தான்.

"முதல் வருஷ மலருக்கு நீயே ஒரு கட்டுரை எழுதிடும்மா, நீதான டீச்சரு" என்று பெரியப்பா சொன்னார். பிறப்பு, வளர்ப்பு, பட்ட கஷ்டம், நற்குணங்கள், கடைசியில் நன்றி எல்லாம் வரவேண்டும் என்றும் சொன்னார். எல்லாம் வரும். பெரியப்பாவும் வருவார். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, மனது நோகும்படி எழுதாதே என்று அம்மா கெஞ்சினார். அண்ணனுக்கு நொந்தபோது யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை என்பதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்திவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் கருவேப்பிலங்குறிச்சியில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்ததெல்லாம் விருத்தாசலத்தில், செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில். அப்பா அங்கே ஒரு கம்பெனியில் சூளை பார்த்தார். மின்சார ஃபியூஸ் கட்டைகளைச் சுட்டு எடுக்கிற வேலை. உடைந்த, வளைந்த கட்டைகளைக் கம்பெனிக்குப் பின்னால் மலைபோல் கொட்டியிருப்பார்கள். அண்ணன் அவற்றைப் பொறுக்கி வந்து கார் மாதிரி வரிசையாக நிறுத்தி விளையாடுவார். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிறபோதெல்லாம் சூளை முன்னால் நின்று எப்போது திறப்பீர்கள் என்று நச்சரிப்பார். "சூடு ஏத்தறது பெருசில்லடா. ஆற வுடணும். அவசரப்பட்டுத் தொறந்தா அத்தனையும் விரிஞ்சிடும்" என்று அப்பா சொல்வார். அது அண்ணனுக்குப் பிற்காலத்தில் எங்கே உதவியது என்று அப்பா பார்க்கவில்லை. அண்ணன் கல்லூரியில் பி.காம் சேர்ந்த மூன்றாம் மாதம் அப்பா நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்தார்.

ஆக, அண்ணனுக்கும் பி.காமுக்கும் உள்ள உறவு மூன்று மாதம். நான் அப்போது ஏழாம் வகுப்பு. கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு அண்ணனை லோடு வேனில் ஏற்றிக்கொண்டார்கள். கிளீனராகப் போனவர் ஒரு வருடத்தில் அதே வேனை ஓட்டினார். ஃபியூஸ் கட்டைகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய் இறக்கிவிட்டு வருவார். நான் பன்னிரண்டாவது முடித்தது, எம்.ஏ. படித்தது, பி.எட். படித்தது எல்லாம் அந்த ஸ்டியரிங்கில் இருந்து வந்தது. "நீ படி பாப்பா. வூட்டுல ஒருத்தராவது உக்காந்து சம்பாரிக்கணும்" என்பார். அவரும் உட்கார்ந்துதானே சம்பாதித்தார் என்று நான் கிண்டல் செய்வேன். அதற்குச் சிரிப்பார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோனில் சரக்கு இறக்கிவிட்டு வரும் வழியில்தான் அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டார். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கார்ப் பந்தயத் தடம். வேனை ஓரம் கட்டிவிட்டு உள்ளே போனவர், சாயங்காலம் வரை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வேன் வரவில்லை என்று இங்கே கம்பெனியில் ஒரே களேபரம். அடுத்த மாதமே அந்த வேலையை விட்டுவிட்டு, பந்தயக் கார்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற டிரைவராக ஒரு முதலாளியிடம் சேர்ந்துவிட்டார். நிலையான வேலையை விட்டுவிட்டானே என்று அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை.

புது டயரை அப்படியே பந்தயத்தில் போடக் கூடாதாம். முதலில் சில சுற்று ஓட்டிச் சூடாக்கி, கழற்றி, முழுதாக ஆறவிட்டு, பிறகு போட்டால்தான் கடைசி வரை தாங்குமாம். பெரிய ஓட்டுநர்களுக்கு அந்த வேலையில் பொறுமை கிடையாது. லாரி டிரைவர்தானே, நீ ஓட்டு என்று அண்ணனிடம் தள்ளிவிட்டார்கள். அப்படி டயர் சூடாக்குவதற்காக ஓட்டிய ஒரு நாளில் முதலாளி விளையாட்டாகக் கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். அவர் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஓட்டுநரைவிட லாரி டிரைவர் வேகமாக வந்திருக்கிறார். கடிகாரம் ரிப்பேர் என்று நினைத்து இன்னொரு கடிகாரத்தை வைத்தும் பார்த்தாராம்.

அண்ணன் ஓட்டியது எந்தக் கார் என்று இன்றைக்கும் உங்களில் பலருக்குத் தெரியாது. ஒரு ஆள் மட்டும் படுத்தமாதிரி உட்கார்ந்து போகும் கார் இல்லை. டூரிங் கார் பந்தயம் என்று அதற்குப் பெயர். நம் தெருவில் நிற்கிற அதே நாலு கதவுக் காரில் மற்ற சீட்டையெல்லாம் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, எஞ்சினைத் திருத்தி ஓட்டுவார்கள். உள்ளே ஏ.சி. கிடையாது. தீப்பிடிக்காத தடித்த உடுப்பு, தலைக்கவசம், இரண்டு தோளையும் இறுக்கிப் பிடிக்கிற பெல்ட்டு. சூளைக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் என்று அண்ணன் சொல்வார். முதல் பாதியில் டயரை அழுத்தாமல் நடுவில் எங்கோ வந்துகொண்டிருப்பார். மற்றவர்களின் டயர் தேய்ந்து வழுக்க ஆரம்பிக்கிற கடைசிச் சுற்றுகளில்தான் ஒவ்வொருவராக முந்துவார். அவசரப்படாதவன் என்று அவரைப் பற்றி அங்கே பேச்சு.

நான்கு வருடம் ஓட்டி, நாட்டின் டூரிங் கார் சாம்பியன் ஆனார். கோப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பேப்பரில் உள்ளங்கை அளவு செய்தி, காரோடு ஒரு படம். அதைப் பார்க்க வந்த நம் சொந்தக்காரர் ஒருவர், "இதுல என்னாடா இருக்குது? நம்ம டாக்சிக்கு ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி இருக்குது" என்றார். பெரியப்பா கோப்பையைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, கீழே வைத்தார்.

"கப்பெல்லாம் சரிதான். நாளைக்குப் பாப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப, அண்ணன் என்னா பண்றான்னு கேப்பாங்க. என்னான்னு சொல்றது?"

"கார் ஓட்டறன்னு சொல்லுங்க பெரியப்பா."

"டிரைவருன்னா?"

"டிரைவருதான."

அந்தச் சொல்லை ஒளிக்கிற வேலை அன்றைக்கு ஆரம்பித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாட்டின் வேகமான ஓட்டுநர் நம் குடும்பத்தில் இருந்தார், அவரை நாம் எதற்குப் பயன்படுத்தினோம்? ஊருக்கு வருகிற நாளெல்லாம் யார் வீட்டுப் பிரசவம், யார் வீட்டு நிச்சயம், யார் வீட்டுச் சாவு என்று எடுபிடி டிரைவராகத்தான். "சும்மாதான இருக்க, கொஞ்சம் பக்கத்துல மங்களூரு வரைக்கும் வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிடாதவர்கள் இந்த மலரை வாங்கியவர்களில் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதிலும் குறை. அண்ணன் ரோட்டில் மெதுவாகத்தான் ஓட்டுவார். "இவனா சாம்பியன்? கட்டை வண்டி முந்திக்கிட்டுப் போவுது" என்று பின் சீட்டில் உட்கார்ந்து சிரிப்பீர்கள். நானும் ஒரு முறை கேட்டேன். "அங்க எல்லாரும் ஒரே பக்கமா போறாங்க பாப்பா, எல்லாருக்கும் ஓட்டத் தெரியும். இங்க ரெண்டும் கெடையாது" என்றார்.

எனக்கு வேலை கிடைத்த வருடமே வரன் வந்தது. தரகர் என்னுடைய விவரம் எழுதிக் கேட்டார். உடன்பிறந்தோர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நான் பெரியப்பாவைப் பார்த்தேன்.

"டிரைவருன்னு எழுதுனா அடுத்த ஜாதகத்த எடுத்துப் பாப்பாங்க. மாப்பிள்ளை வூட்டுல அவங்கப்பா போக்குவரத்துத் துறையில பெரிய ஆளா இருந்து ரிட்டயர்டு ஆனவராம். மேனேஜருன்னு போடு."

எழுதினேன். பி.காம்., மேனேஜர், மோட்டார் கம்பெனி. முத்து முத்தான என் கையெழுத்தில் எழுதினேன். பெரியப்பா சொன்னது மேனேஜர் மட்டும்தான். பி.காம் என் சொந்தச் சரக்கு. மேனேஜர் என்றால் ஒரு பட்டம் வேண்டாமா என்று எனக்கே தோன்றியது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் கோப்பையை என்ன செய்வது என்று அம்மா தவித்தார். அண்ணனே எடுத்து அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். கல்யாணம் முடிகிறவரை அம்மா அந்தக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளிவிட்டுத்தான் உலைக்கு அரிசி அளந்தார்.

தேதி குறித்தது பெரியப்பா. கார்த்திகை மாதத்துக் கடைசி முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடத்தின் கடைசி இரண்டு பந்தயங்கள் அந்தச் சனி, ஞாயிறு. அண்ணன்தான் புள்ளியில் முன்னால் இருந்தார். அந்த இரண்டு நாளும் ஓட்டிவிட்டால் இரண்டாவது முறையாகச் சாம்பியன் ஆகிவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அண்ணன் ஓடி வந்தார்.

"பெரியப்பா, தையில வச்சிக்கலாமே. ஒரு மாசந்தான."

"என்னா காரணம் சொல்லச் சொல்ற? மேனேஜருக்கு ஞாயித்துக்கிழம என்னாடா வேலை?"

"அப்ப பொரி மட்டும் சித்தப்பா பையன் போடட்டும். நான் சனிக்கிழமை வந்து தலையக் காட்டிட்டுப் போயிடறன்."

"கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப வேற ஒருத்தன் பொரி போட்டா மண்டபத்துல என்னா பேசுவாங்க? அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்டைம்பாங்க. கார்ப் பந்தயம் அடுத்த வருஷமும் வரும்."

தாலி கட்டி முடித்து அக்கினி வலம் வரும்போது, பெண்ணின் கையில் நெற்பொரியைப் போட உடன்பிறந்தவன் வேண்டும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்காக இத்தனை பேச்சு. அண்ணன் என்னிடம் வந்தார். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, தையில வச்சிக்கிட்டா உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. பெரியப்பாகிட்டயே பேசிக்க."

"நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

நான் சொல்லவில்லை. கூச்சம் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூச்சமாவது மண்ணாவது! பயம். தேதியை மாற்றினால் காரணம் கேட்பார்கள், காரணம் சொன்னால் டிரைவர் என்று தெரிந்துவிடும், என் கையெழுத்துப் பொய் என்று தெரிந்துவிடும் என்ற பயம். என் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று மட்டும்தான் நான் நினைத்தேன். அண்ணனின் கல்யாணம் மாதிரி ஒன்று அந்தத் தடத்தில் நடக்க இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன்.

பத்திரிகை அச்சாகி வந்ததும் அண்ணன் முதலில் தன் பெயரைத்தான் தேடினார்.

"நான் எப்ப பாப்பா பி.காம் முடிச்சன்?"

"எல்லாரு பேருக்குப் பின்னாலயும் இருக்குது. உனக்கு மட்டும் மொட்டையா இருந்தா கேப்பாங்கண்ணா."

"மொட்டையாவே இருக்கட்டுமே. பேரு மட்டும் போதாதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். சிரித்ததால் நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

சனிக்கிழமைப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டு, சாயங்காலம் பெண் அழைப்புக்கு வந்து சேர்ந்தார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தபோது கழுத்துக்கு இரண்டு பக்கமும் பெல்ட்டு அறுத்த தடம் சிவப்பாக இருந்தது. என்ன இது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா ஓடிவந்து சந்தனத்தை அப்பினார். மறுநாள் காலையில் மேடையில் என் கைக்குக் கீழே தன் கையைப் பிடித்து, பொரியை அள்ளிப் போட்டார். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம். இரண்டு கொப்பளம் உடைந்திருந்தது. அந்தக் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியம்மாவுக்கு ஜங்ஷனில் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பெரியப்பா சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்தார். "நீயே வுட்டுட்டு வந்துடு. நீதான் நல்லா ஓட்டுவ." அந்த நேரத்தில்தான் அங்கே பந்தயம் நடந்துகொண்டிருந்தது.

கடைசிப் பந்தயத்தில் இன்னொருவர் ஜெயித்து, பட்டத்தை எடுத்துக்கொண்டார். முதலாளி அண்ணனைத் திரும்பக் கூப்பிடவில்லை. "பொரி போடப் போறவனுக்கு எதுக்குப்பா காரு?" என்று கேட்டாராம். இந்த விளையாட்டில் கையில் திறமை இருந்தால் போதாது, காரும் அதற்குச் செலவு செய்ய ஆளும் வேண்டும். அண்ணன் அடுத்த ஒரு வருடம் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினார். கடைசி நாளில் ஓடிப்போனவன் என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே போய் அங்கங்கே உட்கார்ந்திருந்தது. ஏன் போனார் என்று அண்ணன் யாரிடமும் விளக்கவில்லை. தங்கை கல்யாணம் என்றுகூட முதலாளியிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அண்ணனை அதற்குப் பிறகு எந்தத் தடமும் பார்க்கவில்லை.

இனி எழுதப்போவது எனக்கும் என் மாமியாருக்கும் மட்டும் தெரிந்தது. கல்யாணமான எட்டாம் நாள் அத்தை பீரோவைத் திறந்து எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அடித்தட்டில் மடிப்புக் கலையாமல் நான்கு காக்கிச் சட்டைகள் இருந்தன.

"இது யாருதுங்க அத்த?"

"உங்க மாமாவோடதுதாம்மா. முப்பது வருஷம் பஸ்ஸு ஓட்டுனாங்க இல்ல? தூக்கிப் போட மனசு வரல. பத்திரிகையில டிரைவருன்னு போட்டா டீச்சரு வூட்டுல என்னா நெனப்பாங்களோன்னு உன் வூட்டுக்காரருதான் போக்குவரத்துத் துறைன்னு போடச் சொன்னாரு. நீ மனசுல வச்சிக்காத."

நான் பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வீட்டிலும் டிரைவர். இரண்டு வீட்டாரும் ஒருவருக்கு ஒருவர் பயந்து, ஒரே சொல்லை ஒளித்துவைத்துக்கொண்டு சம்பந்தம் பேசியிருக்கிறோம். அடப்பாவிகளா என்று யாரைத் திட்டுவது? அன்றே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால், அப்படியானால் தையில் வைத்திருக்கலாமே பாப்பா என்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அண்ணன் டிரைவர் என்பது சில மாதங்களில் என் புகுந்த வீட்டுக்கும் தெரிந்துபோனது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் பக்கத்துக் காக்கிச் சட்டையும் வெளியே வரும் அல்லவா?

அண்ணன் ஊருக்கே திரும்பி வந்து டிரைவிங் ஸ்கூல் வைத்தார். எல் போர்டு மாட்டிய ஒரே ஒரு பழைய கார். நாட்டின் சாம்பியன், கிளட்ச்சை மிதிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து பழமலைநாதர் கோயில் வரை ஊர்ந்துகொண்டிருந்தார். எரிச்சலாக இல்லையா என்று கேட்டால், "இவங்களுக்குப் பயம் இருக்குது பாப்பா. பயம் இருக்கறவங்க நல்லா கத்துக்குவாங்க" என்பார். அப்படிக் கார் கற்றுக்கொள்ள வந்தவர்தான் அண்ணி. அண்ணி வந்த பிறகுதான் அரிசி டிரம்மிலிருந்த கோப்பை வெளியே வந்து, ஸ்கூல் மேசை மேல் உட்கார்ந்தது. அதில் பேனா போட்டு வைத்திருந்தார்கள்.

முதுகு வலி பந்தய நாட்களிலிருந்தே அண்ணனுக்கு உண்டு. அதற்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்ட வலி மாத்திரைகள் கடைசியில் சிறுநீரகத்தில் கைவைத்தன. கடைசி இரண்டு வருடம் வாரத்தில் இரண்டு நாள் கடலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டார். போகும்போது தானே ஓட்டிப் போவார். துணைக்கு மாமா, என் மாமனார், போவார். திரும்பும்போது தலை சுற்றும் என்பதால் மாமாதான் எழுபத்தைந்து வயதில் அந்த எல் போர்டு காரை ஓட்டிக்கொண்டு வருவார். இரண்டு டிரைவர்களும் வழியில் டீ குடித்துவிட்டு, சாலையில் போகிறவர்களின் ஓட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்களாம். அண்ணன் அந்த இரண்டு வருடத்தில்தான் மனம்விட்டுப் பேசினார் என்று அண்ணி சொல்கிறார். அதையும் என்னிடம் பேசவில்லை.

போன வருடம் ஒரு காலை நேரத்தில், ஆஸ்பத்திரிப் படுக்கையில், அண்ணி கையிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதே அண்ணன் போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது, "எந்த எடத்துல ஆக்சிடெண்டு?" வேகமாகத்தான் ஓட்டியிருப்பான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்கள். ஆயுசு முழுக்க ரோட்டில் ஒரு நாய்க்குட்டியைக்கூட இடிக்காத மனிதர் அவர். எழுந்து போய்விடுங்கள் என்று நான் கத்தியது பலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்க வேண்டும்.

கருமாதி அன்று, மணிமுத்தாற்றில் காரியம் முடித்துவிட்டு வந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, மாமா பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பி.காம். என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல என்னாம்மா இன்னும் இது இருக்குது?"

மாமாவே சொன்னார்.

"உங்க கல்யாணத்தன்னிக்கு எங்க அண்ணிய ரயிலேத்த உங்கண்ணன் வண்டி எடுத்தாரு. முன் சீட்டுல நானு. செகண்டுலேருந்து தேர்டுக்குப் போட்டது வண்டிக்கே தெரியல. முப்பது வருஷம் ஓட்டுனவன், எனக்குத் தெரியாதா? எங்க தம்பி ஓட்டறீங்கன்னு கேட்டன். நான் மேனேஜருங்கன்னாரு. நீங்க என்னாவா இருந்தீங்கன்னு அவரு கேட்டாரு. நான் ஆபீஸுலன்னு சொன்னன். ரெண்டு பேரும் அதுக்கப்பறம் பேசல. ஜங்ஷன்ல ஒரு போன் வந்துது. காதுல வச்சிக் கேட்டாரு. சரின்னாரு. போன பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, எங்க அண்ணியோட பெட்டியத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டுப் படியேறுனாரு. அது பந்தயம் முடிஞ்சி வந்த போனுன்னு கடலூரு போற வழியிலதான் சொன்னாரு."

மாமா கொஞ்ச நேரம் பத்திரிகையை மடித்துப் பிரித்தார்.

"நானும் டிரைவருதாம்மா. யாராவது ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லியிருந்தா, தேதிய நானே தைக்கு மாத்தியிருப்பன். நானே வந்து கைதட்டியிருப்பன்."

அப்போது பெரியப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். காது சரியாகக் கேட்பதில்லை என்று அவர் சொல்வது எனக்குத் தெரியும். அன்றைக்கு நன்றாகவே கேட்டது.

இனி நன்றி. வாரம் தவறாமல் அண்ணனின் கையில் ஊசி ஏற்றும்போது வலிக்காமல் பார்த்துக்கொண்ட அந்த நர்ஸம்மாவுக்கு எங்கள் நன்றி. பக்கத்துப் படுக்கையில் இருந்துகொண்டே அண்ணனைச் சிரிக்கவைத்த, தானும் நோயாளியான மங்களூர் ஐயாவுக்கு நன்றி. அப்பா வேலை பார்த்த கம்பெனியிலிருந்து வந்து பாடையைத் தூக்கிய தோழர்களுக்கு நன்றி. கடைசி ஊர்வலத்தில் எல் போர்டு காரை எஞ்சின் அணையாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்த டிரைவிங் ஸ்கூல் மாணவிக்கு நன்றி. அண்ணன் பார்த்திருந்தால் அவளை நம்பி லைசென்ஸுக்கு அனுப்பியிருப்பார். அண்ணிக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். பெரியப்பாவுக்கும் நன்றி, கட்டுரை எழுதச் சொன்னதற்கு.

மலரின் முதல் பக்கத்தில் அண்ணனின் படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று பேச்சு வந்தது. தேசிய சாம்பியன், பி.காம்., டிரைவிங் ஸ்கூல் நிறுவனர் என்று பெரியப்பா ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார். இத்தனை வருடம் கழித்துச் சாம்பியன் என்ற சொல் அவர் பேனாவில் வந்திருக்கிறது. அண்ணி தாளைப் பார்த்துவிட்டு, "டிரைவருன்னு மட்டும் போடச் சொல்லு பாப்பா. அவருக்கு அது போதும்" என்றார். அதையே போட்டிருக்கிறது.

அச்சகத்துக்கு என்னோடு மாமாவும் வந்தார். கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் பெயர்கள் வரும் இடத்தைக் காட்டி, "என் பேருக்குப் பின்னாலயும் டிரைவருன்னு போடுங்க தம்பி. துறைங்கறத எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, அடித்துத் திருத்தியதைக் கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

அடுத்தது என் பெயர். எம்.ஏ., பி.எட். என்று போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை, படித்ததுதான். யார் படிக்கவைத்தது என்பதும் உங்களுக்கு இப்போது தெரியும். அச்சகத்துத் தம்பியிடம் அதை அடித்துவிடச் சொன்னேன்.

"எல்லாரு பேருக்குப் பின்னாலயும் இருக்குதுங்க மேடம். உங்களுது மட்டும் மொட்டையா இருக்கும்."

மொட்டையாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.